நடுங்காத கை

கைக்குக் கை என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

யார் சொன்னது என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக ஒரு வார்த்தை. களியக்காவிளை மீன் சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, மொத்த வியாபாரி ஒருவரின் மகன், ததேயுஸை நாலு பேர் பார்க்கச் செருப்பால் அடித்தான். ததேயுஸ் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திப் படுத்தவர் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை.

அன்று மாலையே அவருடைய மூத்த மகன் டெனிஷ் சந்தைக்குப் போனான். வியாபாரி மகனின் வலது கையை ஐஸ் பெட்டி மூடிமேல் அழுத்திப் பிடித்து, மணிக்கட்டோடு வெட்டினான். வெட்டிய கையை அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டான்.

'அப்பனை அடித்தவன் கையை எடுத்தது நியாயம்தானே?' என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

போலீஸ் டெனிஷைத் தேடியது. மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து வியாபாரி வரவழைத்த ஆட்களும் தேடினார்கள்; கைக்குக் கை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள்தான். அவனோ நாற்பது பேருக்கு மத்தியில், அவர்களைப் போலவே மஞ்சள் டீ-சர்ட் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். அவனை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தவள் அவன் தங்கை பிரிஜா.

மார்த்தாண்டத்துக்கு வெளியே மூடிக் கிடந்த ஓர் அண்டி ஆபீஸ். முந்திரி உடைக்கிற ஆலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ஒரு காலத்தில் நூறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்த சிமெண்டுத் தரையில், இப்போது மூன்று லட்சம் டோமினோ கட்டைகள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இருக்காது. ஒன்றைத் தள்ளினால் அது அடுத்ததைத் தள்ளும், அடுத்தது அதற்கு அடுத்ததை. பாய் விரித்த படகு ஒன்று, அலைகள், மாத்தூர் தொட்டிப் பாலம் என்று படம் படமாக விரிந்து கிடந்தது. மாலையில் சாதனைப் புத்தகத்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் ஒரே ஒரு தள்ளு. அத்தனையும் விழுந்தால் நாட்டிலேயே யாரும் செய்யாத சாதனை.

அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு கட்டை தானாக விழுந்தாலும் ஒரு மாத வேலை குப்பைக்குப் போகும்.

குழுவின் கேப்டன் பிரிஜா. இருபத்தாறு வயது, மார்த்தாண்டத்தில் கட்டட வரைபடம் போடும் ஆபீசில் வேலை. அவள் வைத்த சட்டங்கள் கடுமையானவை. யார் தும்மினாலும் போச்சு என்பதால் எல்லோருக்கும் முகக்கவசம், தலைக்கு உறை. வெறுங்கால். பாக்கெட்டில் போன் உட்பட ஒன்றும் இருக்கக் கூடாது, பைகளை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஆளை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று அவளுக்குத் தோன்றியது. தாடியையும் நீள முடியையும் வழித்து, தூத்துக்குடிச் சித்தி மகன் ஜெரோம் என்று சொல்லி டெனிஷைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. சுனாமி வந்த அன்று ஆறு வயதுக் குழந்தையான அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாதா கோயில் மாடிவரை ஓடியவன் அவன்.

அன்று காலை மடை திறக்கும் வேலை நடந்தது. கட்டை வரிசைகளில் அங்கங்கே வைக்காமல் விடும் இடத்துக்குத்தான் இவர்கள் மடை என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரியாமல் ஒரு பக்கம் சரிந்தாலும் மடைக்கு அப்பால் பாயாது. கடைசி நாளன்று அந்த இடங்களையும் கட்டை வைத்து இணைத்துவிடுவார்கள். அதன்பிறகு ஈ உட்கார்ந்தாலும் ஆபத்துதான்.

பாலத்துக்கு அருகே அண்ணனும் தங்கையும் எதிரெதிராகக் குந்தியிருந்தார்கள்.

"எப்ப முடியும்ட்டி இது?" டெனிஷ் முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டான்.

"அஞ்சு மணிக்குத் தள்ளுவோம். கூட்டம் கலையும்போ நீயும் கூட்டத்தோட போயிரு. கேரள எல்லை தாண்டி பாறசாலை வரைக்கும் வண்டி சொல்லியிருக்கேன்."

"அந்த மார்த்தாண்டத்துக்காரன் என்னையே பாத்துட்டிருக்கான்."

"விபினா? அவன் உனக்க கையத்தான் பாக்கியான். புது ஆளு இம்புட்டு நேரா வைக்கானேன்னு காலையிலயே சொன்னான்."

"வலை கட்டுன கை. அவனுக்க வேலைய அவன் பாத்தா அவனுக்குக் கொள்ளாம்."

"அவன் நல்லவன்."

"நல்லவனுக்குத்தான் வாய் நீளம். அவன் ஏதாவது மிண்டினா எனக்கிட்ட சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லும்போதே அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். எலும்பு வலித்தது. பிரிஜா சத்தம் போடாமல் கையை உருவிக்கொண்டாள். வரிசை நடுவில் யாரும் சத்தம் போடுவதில்லை.

"அண்ணா, சந்தையில நடந்தது உனக்கு ஓர்மை வராதா? ராத்திரி உறங்குதியா?"

"உறங்காம என்ன?" அவன் ஒரு கட்டையை எடுத்து மடையில் வைத்தான். "அந்த ஐஸ் பெட்டிக்க மூடி கொஞ்சம் வழுக்கிச்சு. அதான் ஓர்மை."

பிரிஜா கட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். சாயந்தரம் வரைக்கும்தான், அப்புறம் போய்விடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த மடைக்கு நகர்ந்தாள்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் சமையல். செசிலியும் ஓமனாவும் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். செசிலி, பிரிஜாவின் அம்மா. ஓமனா, விபினின் அம்மா. மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கத்தின் மனைவி. ஒரு மாதமாக இரண்டு பேரும்தான் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறார்கள். அதில் ஒரு சிநேகம் உண்டாகியிருந்தது.

"அக்காக்கு மூத்தது ஆம்பளப்பிள்ளைன்னு சொன்னியளே. இப்ப எங்க இருக்கான்?" ஓமனா கேட்டாள்.

"கப்பல்ல." செசிலி கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு இந்த ஒண்ணுதான். படிச்சு முடிச்சு இன்னும் வேலைக்குப் போகல்ல, இங்க வந்து கட்ட அடுக்குதான். அவங்கப்பா ஒரே ஏச்சு. நான்தான் சொன்னேன், குடிக்கப் போறானா, அடிபிடிக்குப் போறானா, கட்டதானே அடுக்குதான், சாரமில்லன்னு."

செசிலி சாளை மீன் கறியில் உப்புப் பார்க்க எழுந்து போனாள்.

கடைசி மடையைப் பிரிஜா தன் கையால் திறந்தாள். மூன்று லட்சமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. கைதட்டக் கூடாது என்பது சட்டம், அதனால் எல்லோரும் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்கள். ஓரத்துக்கு வந்து சுவரோடு சுவராக உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரம்.

அப்போது வெளியே வண்டி வந்து நின்றது.

காவலுக்கு இருந்த சுயம்புலிங்கம் "ஆரு?" என்று கேட்டது மட்டும்தான் உள்ளே கேட்டது. அரிவாளின் பின்புறத்தால் மண்டையில் ஒரு போடு. அவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கதவுக்கு உள்ளே போட்டார்கள். நாலு பேர். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். நாலு பேரும் செருப்புக் காலோடு தரையில் நடந்து வந்தார்கள்.

முன்னால் வந்தவன் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கல்யாண வீட்டுக்கு வந்தவன் என்றே சொல்லலாம். பேச்சு ஆரல்வாய்மொழிக்கு அப்பால் பேசுகிற பேச்சு.

"யாரும் எந்திரிக்க வேண்டாம். சாப்பிடுற நேரத்துல வந்ததுக்கு மன்னிக்கணும். இதுல கேப்டனம்மா யாரு?"

பிரிஜா எழுந்தாள்.

"நீதானா? உன் அண்ணன் டெனிஷ் எங்க?"

"இங்க இல்ல."

அவன் போனை நீட்டினான். தாடியும் தோள்வரை முடியுமாக டெனிஷ், வள்ளத்தின்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பழைய படம்.

"இங்க இருக்கான்னு தெரிஞ்சுதான் வந்தோம். இந்தக் கூட்டத்துல ஒருத்தன். நீயே காட்டிட்டா ஒரு கையோட போயிடுவோம்."

"இங்க இல்லன்னு சொல்லுதேன்லா."

வெள்ளைச் சட்டைக்காரன் பேசாமல் நடந்து போய், படகின் முதல் வரிசைமேல் செருப்புக் காலைத் தூக்கி, ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினான். நாற்பது பேரிடமிருந்தும் ஒரே மூச்சாக ஒரு சத்தம் வந்தது.

நாற்பது பேர் சேர்ந்தால் நாலு பேரை அமுக்கிவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்பது சுலபம். அரிவாளை நேரில் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஆனாலும் ஒருவன் எழுந்தான். விபின்.

"அண்ணாச்சி, கால எடுங்க. இங்க அப்பிடி யாரும் இல்ல. ஒரு மாசம் நடு ஒடிஞ்சு செஞ்சது இது."

பக்கத்தில் நின்ற ஒல்லியானவன் அரிவாள் பிடியால் விபினின் வாயில் குத்தினான். முகக்கவசம் சிவந்தது. இரண்டாவது குத்தில் விபின் மண்டியிட்டான். பல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. பிரிஜா தன்னை அறியாமல் "ஐயோ" என்று ஓரடி முன்னால் வந்தாள்.

வெள்ளைச் சட்டைக்காரன் விபினைப் பார்க்கவில்லை. பிரிஜாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தான்.

"சரி. மாஸ்க்கைக் கழட்டினா மட்டும் என்ன தெரியப் போகுது? தாடியெல்லாம் வழிச்சிருப்பான். நான் வேற மாதிரி கண்டுபிடிக்கிறேன். அந்த டெனிஷ் மீன்காரன். வந்து நாலு நாள்கூட இருக்காது. இந்த வேலை அவனுக்கு வராது. ஆம்பளைங்க எல்லாம் வரிசையா வாங்க. ஆளுக்கு ஒரு கைப்பிடி கட்டை எடுத்து என் முன்னால நிறுத்துங்க. எவன் கட்டை விழுதோ, அவன் கை எனக்கு."

கொட்டை உடைக்கிற பழைய பலகை ஒன்று மூலையில் கிடந்தது. அதை இழுத்துக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள்.

ஒவ்வொருவனாக வந்து குந்தினான். கழுத்துக்குப் பக்கத்தில் அரிவாள். சிலர் அழுதுகொண்டே நிறுத்தினார்கள். ஒரு மாதமாகப் பழகிய விரல்கள் எப்படியோ வேலையை முடித்தன. பின்பக்கத்திலிருந்து இரண்டு அம்மாக்களையும் ஒருவன் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தினான். செசிலி ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவள் தோளைப் பற்றிக்கொண்டாள்.

டெனிஷின் முறை வந்தது.

அவன் குந்தினான். கட்டைகளை உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்துவிட்டு ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிறுத்திக்கொண்டே போனான். நூல் பிடித்த நேர். கடைசிக் கட்டை கொஞ்சம் கோணலாக இருந்ததைச் சுண்டு விரலால் தட்டிச் சரிசெய்தான். வெள்ளைச் சட்டைக்காரன் தலையை ஆட்டினான்.

"பிரமாதம். போய் உக்காரு."

மனுஷன் கையை வெட்டிய கை அது. அது நடுங்கவே இல்லை. பிரிஜாவுக்கு அண்ணன் தப்பிவிட்டான் என்ற நிம்மதிதான் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அடுத்தது விபின். வாயிலிருந்து ரத்தம் ஒழுகி அவன் கையிலேயே விழுந்துகொண்டிருந்தது. குழுவிலேயே தொட்டிப் பாலத்தின் தூண்களை நிறுத்தத் தைரியம் இருந்தது அவனுக்கு மட்டும்தான். இப்போது முதல் கட்டையே நிற்கவில்லை. இரண்டாவது நின்றது. மூன்றாவதை வைக்கும்போது விரல் நடுங்கி, மூன்றும் படபடவென்று விழுந்தன.

"அவ்வளவுதான்," என்றான் வெள்ளைச் சட்டைக்காரன். "தங்கச்சி அப்பவே பதறினா. நான் பாத்துட்டேன்."

"எனக்க மோனே" என்று ஓமனா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஒல்லியானவன் அவளை இடுப்பில் உதைத்தான். விழுந்த இடத்திலிருந்து அவள் தவழ்ந்தே வந்தாள். "சாமி, இது எனக்க மோன். விபின். நீங்க தேடுத ஆளு இவன் இல்ல."

"பாத்தியா, அம்மாவே வந்தாச்சு." அவன் உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். "மகனைக் காப்பாத்த ஆத்தா பேரை மாத்திச் சொல்லாம இருந்தாத்தான் அதிசயம்."

"கார்டு இருக்கு. பையில கார்டு இருக்கு," விபின் குழறினான்.

"கையை வெட்டிட்டு அப்புறமா கார்டு பாப்போம்."

சுவரோரம் செசிலி நின்றுகொண்டிருந்தாள். விபினை டெனிஷ் என்றும் ஓமனாவை அவன் தாய் என்றும் அவர்கள் தவறாக நினைத்துவிட்டது அவளுக்குப் புரிந்தது. வாய் திறக்காமல் நின்றால் போதும். அவள் நகங்கள் மகளின் தோளில் பதிந்தன.

"மிண்டாத," என்றாள் காதோரம். "எனக்க வயித்துல பெறந்தவன்டீ. மிண்டாத."

விபினின் வலது கையைப் பலகைமேல் வைத்து இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள்.

"நான் கெட்டவன் இல்ல," வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னான். "முதல்ல ஒரு விரல். நான்தான் டெனிஷ்னு ஒத்துக்கிட்டா ஒரே வெட்டுல முடிச்சிடுவேன். இல்லன்னா ஒண்ணொண்ணா."

அரிவாள் விழுந்தது. சத்தம் சின்னதுதான். கிழங்கு வெட்டுகிற சத்தம். சுண்டு விரல் பலகையைவிட்டுத் துள்ளித் தரையில் விழுந்தது. விபின் கத்தியது அதற்குப் பிறகுதான், அதைக் கேட்க முடியவில்லை. ஓமனா கத்தவில்லை. தரையில் கையால் துழாவி அந்த விரலைத் தேடினாள்.

பிரிஜா பேசவில்லை. அவளைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அந்த முதல் வெட்டுக்கு அவள் பேசவில்லை.

அவள் அண்ணனைப் பார்த்தாள். எழுந்திரு என்று மனசுக்குள் கெஞ்சினாள். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல். சொல்லிவிட்டு ஓடு, சண்டை போடு, என்ன வேண்டுமானாலும் செய். சுனாமியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இப்போதும் எழுந்திருப்பான் என்றே நம்பினாள். டெனிஷ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பையன் பயத்தில் தட்டிவிட்ட தண்ணீர்ப் பாட்டில் உருண்டு வந்தது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான். விபினின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"ரெண்டு," என்றான் வெள்ளைச் சட்டைக்காரன்.

அரிவாள் மேலே போயிற்று.

"அவன் இல்ல." பிரிஜாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. செசிலி அவள் வாயைப் பொத்தினாள். அம்மாவின் கையைக் கடித்துத் தள்ளிவிட்டு மறுபடி சொன்னாள். "அவன் எனக்க அண்ணன் இல்ல. எனக்க அண்ணன் அங்க இருக்கான். பாட்டில்ட்ட இருக்கான்."

எல்லாத் தலையும் திரும்பியது.

டெனிஷ் மெதுவாக முகக்கவசத்தைக் கழற்றினான். தங்கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு எழுந்த வேகம்தான் தெரிந்தது. சோதனைக்கு எடுத்துத் தரையில் கிடந்த கட்டைகளை அள்ளி ஒல்லியானவன் கண்ணில் வீசினான். அவன் முழங்காலில் ஓர் உதை விட்டான். எலும்பு மடங்கியது எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவன் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி, திரும்பின வாக்கிலேயே வெள்ளைச் சட்டைக்காரன் தோளில் இறக்கினான். சட்டை மார்புவரை கிழிந்து சிவந்தது. இன்னொருவன் குறுக்கே பாய்ந்தான். அவன் கன்னம் காதிலிருந்து வாய்வரை பிளந்தது. இவ்வளவும் ஒரு மூச்சு நேரம். டெனிஷ் இதிலும் கை நடுங்காதவன்.

வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டுக் கிடந்தது. பின்கதவுக்குப் போக ஒரே வழி, நடுவில்தான்.

அவன் படகின்மேல் ஏறி ஓடினான்.

முதல் காலடியில் பாய் சரிந்தது. பிறகு அலைகள். மடை எல்லாம் திறந்துதான் கிடந்தன, எதுவும் எங்கேயும் நிற்கவில்லை. ஓட்டுக்கூரையில் பெருமழை அடிக்கிற சத்தம் கிளம்பி, அந்த நீளமான கட்டடம் முழுக்க ஓடியது. டெனிஷ் பின்கதவைத் தாண்டி மதில் ஏறிக் குதித்துவிட்ட பிறகும் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. துரத்திப் போனவன் அவற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். கடைசியில் தொட்டிப் பாலம் தூண் தூணாக உட்கார்ந்தது. நாற்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதற்காக அழவில்லை.

செசிலி மகள் முன்னால் வந்து நின்றாள். கடிபட்ட கையாலேயே ஓங்கி அறைந்தாள். பிரிஜாவின் உதடு கிழிந்தது.

"யூதாஸ்கூடக் கூடப்பிறந்தவன காட்டிக் குடுக்கல்லட்டி."

"அம்மா, அந்தப் பையனுக்க கைய..."

"அது அவளுக்க பிள்ள." செசிலி ஓமனாவின் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "எனக்கு என்ன?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விழுந்த கட்டைகளை மிதித்து நொறுக்கியபடி, மகன் போன வழியே ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரனை அவன் ஆட்கள் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் மாறவில்லை.

"அவனைத் துரத்த வேண்டாம். கடற்கரைக்கு வண்டியை விடு. வீடு எதுன்னு தெரியும்ல? மகன் கை கிடைக்கலன்னா அப்பன் கை. கதவைப் பூட்டிட்டுப் படுத்திருக்கானாம், உடைங்க."

பிரிஜாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. வண்டி புறப்படும்வரை யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸ், போலீஸ் என்று கத்தினார்கள். யாரோ சுயம்புலிங்கத்தின் தலையில் துணியைச் சுற்றினார்கள். பிரிஜா ஓடிப்போய்ப் பை அறையைத் திறந்து, தன் போனை எடுத்து அப்பாவுக்குப் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டாள். அதுவும் எடுக்கவில்லை. மறுபடியும் அப்பாவுக்குப் போட்டு, போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடினாள்.

வாசலை மறித்து ஓமனா உட்கார்ந்திருந்தாள். விபின் அவள் மடியில் தலையை வைத்துக் கிடந்தான். அவன் கையைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். தேடி எடுத்த விரலை இன்னொரு கைக்குள் இறுக்கிப் பொத்தி வைத்திருந்தாள்.

"மாமி, வழி விடுங்க. எனக்க அப்பாவ வெட்டப் போறாங்க."

ஓமனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. ஏதோ ஒரு கணக்குப் புரியாத குழந்தையின் முகம் அது.

"அந்த ஆளு உனக்க அண்ணனா?"

"ஆமா மாமி."

"நீதான் இங்க கூட்டிட்டு வந்தியா? இந்தப் பிள்ளைகளுக்க நடுவுல?"

"ஆமா. நான்தான்."

"செசிலி அக்காக்கும் தெரியும்."

பிரிஜா தலையை மட்டும் அசைத்தாள். போன் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நீ வாயத் தொறந்து சொன்னியே, அவன் இல்லன்னு. அத அந்த மொதல் வெட்டுக்கு முன்னால சொல்லியிருந்தா இந்த வெரல் அவனுக்க கையிலயே இருந்திருக்கும். பின்ன எதுக்கு நின்ன? ஒண்ணு போவட்டும்னு நின்னியா?"

அதற்கு ஆயிரம் பதில் சொல்லலாம். சுனாமியைச் சொல்லலாம், அம்மாவின் நகங்களைச் சொல்லலாம். பிரிஜாவால் ஒன்றுதான் சொல்ல முடிந்தது.

"எனக்க அண்ணன், மாமி."

ஓமனா விரல் இருந்த கையை மெதுவாகத் திறந்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எனக்க மோன்."

பிரிஜா அவளைச் சுற்றிக்கொண்டு போகவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடற்கரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.